ஒன்றுமில்லாததைத் துடைத்தவர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. இதைப் பின்னால் எங்காவது நைசாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மறைத்து வைத்தால் எனக்கே எழுத ஓடவில்லை. அதனால் முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

சென்ற வருடம், 1988 கடைசியில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். முழங்காலுக்கு நடுவில் ஒரு வெள்ளைத் தடி. மடியில் மஞ்சள் பை, வலது கை பைக்குள். கண்டக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாவது தடவை நின்றுவிட்டார்.

"சில்லறை இல்லேன்னா எறங்கும்போது குடுங்கம்மா. எவ்வளவு நேரம்தான் தேடுவீங்க?"

"டிக்கெட் அப்பவே வாங்கிட்டேங்க. நான் படிச்சிக்கிட்டிருக்கேன்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்டக்டரைப் பார்த்தேன். பைக்குள் அந்தக் கை இடமிருந்து வலமாக மெதுவாகப் போய், திரும்பி, மறுபடி போனது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அந்தப் பெண் புன்னகைத்தார். பாலம் முடிவதற்குள் வாய்விட்டே சிரித்துவிட்டார்.

எத்தனையோ வருடமாக எழுதுகிறேன். என் கதையைப் படித்து ஒருவர் பஸ்ஸில் தனியாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. வயிறு எரிந்தது. "என்னங்க படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"இருங்க, இந்தப் பக்கம் முடியட்டும்."

பக்கம் முடிவதற்குள் பாலக்கரை வந்துவிட்டது. அவர் இறங்கிப் போய்விட்டார்.

2

பையின் வாயில் எட்டிப் பார்த்த தாளின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் இருந்தன. அது கம்ப்யூட்டர் தாள் என்று ஒரு நண்பர் சொன்னார். திருச்சியில் அப்படித் தாள் ஓடும் இடங்களைத் தேடித் தேடி, கடைசியில் ஒரு பொறியியல் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் போய் நின்றேன். (கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது எதுவும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.) அங்கே வேலை பார்க்கும் டோரதி, "நம்ம ரோசரியைத்தான் பார்த்திருக்கீங்க" என்றார். காட்டூரில் டோரதியின் வீட்டுக்கு மூன்று நான்கு முறை போய்க் கேட்டதுதான் இந்தக் கதை.

எழுதியதை டோரதியிடமே படிக்கக் கொடுத்தேன். அது தப்பு. அவர் கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ஓரத்தில் அவர் எழுதியவற்றை நான் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் எழுதிய தொடக்கம்:

"இருளிலே பிறந்த ரோசரிக்கு விரல்களே விழிகளாக

[டோரதி: இருட்டுல எல்லாம் பிறக்கலை சார். காலையில பத்து மணிக்கு, புத்தூர்ல ஆஸ்பத்திரியில. அவங்க அம்மா சொல்லியிருக்காங்க.]

இரண்டாவது தொடக்கம்:

"விஞ்ஞானம் மனிதகுலத்துக்கு அளித்த கொடைகளுள் தலையாயது கணிப்பொறி

இதற்கு டோரதி ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி மட்டும். அந்தக் கம்ப்யூட்டரும் அப்படித்தான் செய்யுமாம். நாம் அடித்தது புரியவில்லை என்றால் ஒரு கேள்விக்குறி காட்டும், அவ்வளவுதான். விளக்கம் கிடையாது. சரியாக அடித்தால் அதுவும் கிடையாது. சத்தமே இல்லாமல் வேலையை முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது:

3

1987இல், தவக்காலம் தொடங்குவதற்கு முன், ரோசரியின் தங்கை இருதயமேரிக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்தது.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. சாம்பல் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை முசிறிக்காரர், ஈஸ்டருக்குப் பிறகு வேலை விஷயமாக வெளியூர் போகவேண்டியவர். அதனால் சாம்பலுக்கு முன்பே தாலி ஏறியது. பாலக்கரைக் கோயிலின் பாடற்குழுவில் ரோசரி பாடினார், பக்கத்தில் நின்று டோரதி பாடினார். மறுநாள் இருதயமேரி முசிறிக்கு பஸ் ஏறினார்.

அந்த பஸ்ஸோடு ரோசரியின் கண்ணும் போனது என்று எழுதி

இல்லை. எழுதி அடித்துவிட்டேன். விஷயம் இதுதான்: ரோசரி எம்.ஏ. வரலாறு, கடைசி வருடம். ஈஸ்டர் முடிந்த மறுவாரம் பரீட்சை. அதுவரை பாடப்புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டியவர் இருதயமேரி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்தில் யாராவது வந்து இரண்டு பக்கம் வாசிப்பார்கள், அடுப்பில் பால் ஞாபகம் வந்துவிடும், போய்விடுவார்கள். தேறினால் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் பாலக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் மகளும் முசிறியில் இருதயமேரியோடு போய் இருப்பதென்று பேச்சு. இருதயமேரி நல்லவர்தான், சந்தோஷமாக வைத்துக்கொள்வார். ஆனால் ரோசரிக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே சோறு இறங்காது.

இன்னொன்றும் இருந்தது. முந்தைய வருடப் பரீட்சையில் ஒரு கேள்வி. ரோசரி கேள்வியே படாத விஷயம். வீட்டுக்கு வந்து தங்கையிடம் கேட்டார்.

"அது புக்ல இருந்துச்சுக்கா" என்றார் இருதயமேரி. "அடிக்குறிப்புல. பொடி எழுத்து. முக்கியமில்லேன்னு விட்டுட்டேன்."

"எல்லா அடிக்குறிப்பையும் விட்டுட்டியா?"

"அது எதுக்குக்கா நமக்கு? தலைவலி."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் அன்று ராத்திரி ரோசரிக்குத் தூக்கம் வரவில்லையாம். தங்கை அடிக்குறிப்பை விட்டாள். பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டிய டீச்சர் எதை விட்டார்? செய்தித்தாள் வாசிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் எதை விடுகிறார்? இதுவரை தனக்கு வந்து சேர்ந்த புத்தகமெல்லாம் யாரோ துடைத்துக் கொடுத்த புத்தகம்தானா?

கல்யாணம் முடிந்த வாரம் பாட்டுப் பயிற்சியின்போது டோரதியிடம் சொன்னார். "அக்கா, பாஸ் பண்ணணும்ங்கிறது ஒரு பக்கம். ஒரே ஒரு தடவை, நடுவுல யார் குரலும் இல்லாம, ஒரு முழு புக்கை நானே படிக்கணுங்கக்கா."

4

இங்கே கட்டுரை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாதவனுக்கு வரும் பிரமிப்பைத்தான் எழுதுகிறேன்.

டோரதி வேலை பார்த்த அறையில் ஒரு பெரிய இயந்திரமும் அதோடு இணைத்த சில திரைகளும் இருந்தன. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. ஒரு வரி கட்டளை அடிக்க வேண்டும், அது நடக்கும். தமிழ் எழுத்தும் கிடையாது. அதனால் ரோசரியின் பாடப்புத்தகத்தை ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தார்கள். அடித்தது ஹாஸ்டல் பெண்கள், ஆளுக்கொரு அத்தியாயம். வகுப்பு முடிந்து மாலையில் வந்து அடிப்பார்கள்; டோரதி முறுக்கு வாங்கி வைத்திருப்பார்.

புத்தகம் முழுக்க ஏறியது. எடுத்துப் பார்த்தால் தலை சுற்றியது. ஒருத்தி வார்த்தைக்கு வார்த்தை இரண்டு இடைவெளி விட்டிருந்தாள். ஒருத்தி புத்தகத்தில் வரி உடைந்த இடத்தில் எல்லாம் கோடு போட்டு உடைத்திருந்தாள். எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து வருடங்களில் நடந்தது. அந்தப் பெண்களில் பலர் தெப்பக்குளம் பக்கம் டைப்ரைட்டிங் படித்தவர்கள். அங்கிருந்த பழைய மெஷின்களில் ஒன்று என்ற இலக்கத்துக்குத் தனிக் கட்டையே இல்லை. சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். விரல் அதையே செய்தது. வரலாற்றுப் புத்தகம், பக்கத்துக்குப் பத்து வருடம். ஒவ்வொரு வருடத்தின் தலையிலும் ஒன்றுக்குப் பதில் ஓர் எல் உட்கார்ந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விரலுக்கு அப்படியில்லை. தடவிப் படிக்கும் பிரெய்லில் எல் வேறு, ஒன்று வேறு.

டோரதி ஒரு வரி அடித்தார்:

s/l\([0-9]\)/1\1/g

இதைப் பார்த்தால் பூச்சி ஊர்ந்த மாதிரி இருக்கிறது. டோரதி எனக்குப் படித்துக் காட்டினார்: சின்ன எல்லுக்கு அடுத்து ஓர் இலக்கம் வந்தால் அந்த எல்லை ஒன்றாக மாற்று, இலக்கத்தைத் தொடாதே, வரி முழுக்கச் செய். அவ்வளவுதான். தட்டினார். திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டளைக்கான டாலர் குறி மட்டும் கீழே வந்து நின்றது. அந்த ஒரு மூச்சில், நூற்றுக்கணக்கான பக்கங்களில், எல்லா அரசர்களும் தங்கள் வருடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, உண்மையாகவே. ஒரு கதையைப் பத்துமுறை திருத்தி எழுதுகிறவன் நான். ஒரு தப்பைத் திருத்துவது வேறு. அந்தத் தப்பு எப்படி இருக்கும் என்று வருணித்துவிட்டால், அது எங்கே ஒளிந்திருந்தாலும் தானாகத் திருந்திவிடுவது வேறு.

இப்படிப்பட்ட வரிகளைச் சேர்த்துச் சேர்த்து டோரதி ஒரு கட்டளைக் கோப்பு வைத்திருந்தார். அதற்கு 'துடை' என்று பெயர். எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் கடைசியாக அதன்மேல் துடையை ஓட்டிவிட்டுத்தான் வைப்பார். சமைத்து முடித்தபின் மேடையைத் துடைக்கிற மாதிரி. இந்தத் துடையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோசரியிடம் கேட்டார்: "அடிக்குறிப்பெல்லாம் வரிக்கு நடுவுல வந்து இடிக்குது ரோசரி. எடுத்துடவா?"

"எதையும் எடுக்காதீங்கக்கா. குப்பையா இருந்தாலும் இருக்கட்டும். குப்பைன்னு நான் பார்த்துச் சொல்றேன்."

டோரதி சத்தியம் செய்தார். ஒன்றையும் எடுப்பதில்லை என்று. [டோரதி: சத்தியமெல்லாம் பண்ணலை. சரின்னேன். எங்க ஆளுங்க சத்தியம் பண்ண மாட்டோம்.]

5

கோப்பு சுத்தமானது. அதை எப்படிப் புள்ளியாக்குவது?

பிரெய்லில் ஓர் எழுத்துக்கு ஆறு இடம். அகலத்தில் இரண்டு, உயரத்தில் மூன்று. சில இடத்தில் புள்ளி எழும்பும், சில இடத்தில் எழும்பாது. டோரதி என்ன செய்தார் என்றால், புத்தகத்தின் ஒவ்வொரு வரியையும் மூன்று வரியாக்கினார். மேல் வரி, நடு வரி, கீழ் வரி. புள்ளி வேண்டிய இடத்தில் சாதாரண முற்றுப்புள்ளி, வேண்டாத இடத்தில் இடைவெளி. எழுத்துகள் போய், திரை முழுக்க முற்றுப்புள்ளிகள். அச்சு இயந்திரத்தில் அந்த முற்றுப்புள்ளிகள் பலமாக விழுந்தால் தாளின் பின்பக்கம் மேடு தட்டும்.

பலமாக விழ வைத்தவர் ரத்தினவேல். அந்த அறையின் ஆபரேட்டர், மண்ணச்சநல்லூர்க்காரர். சொந்தக்காரர் ரைஸ் மில்லிலிருந்து பெல்ட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தாளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். இயந்திரம் முக்கியது. பிறகு தன் சைக்கிளின் பழைய ட்யூபைக் கிழித்து வைத்தார். ரிப்பனைக் கழற்றினார். டக் என்று விழுந்தது புள்ளி.

அனுமதி கொடுக்கவேண்டியவர் துறைத்தலைவர் சௌரிராஜன், ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரர்.

"டோரதி, அந்த பிரிண்டருக்கு ஸ்பேர் வரணும்னா மாசக்கணக்கா ஆகும், தெரியுமோல்லியோ? சைக்கிள் ட்யூபை வெச்சுண்டு விளையாடறேள். ஏதாவது ஆச்சுன்னா பிரின்சிபாலுக்கு நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் ஆகாது சார். ஞாயித்துக்கிழமை மட்டும்."

"நானும் வந்து பக்கத்துல உக்காந்துக்கறேன். பங்குனி உத்சவம் நடந்துண்டிருக்கு, சாயங்காலம் பெருமாள் புறப்பாட்டுக்குள்ள நான் போயாகணும். அதுக்குள்ள முடிச்சுடுங்கோ."*

* சௌரிராஜன் சாரைச் சிடுசிடுப்பானவராக எழுதலாமா, குழைபவராக எழுதலாமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. டோரதியிடம் கேட்டேன். "ரெண்டும்தான் சார், ஒரே நாள்லயே" என்றார்.

6

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்து ஞாயிறு. பூசை முடிந்து, டோரதியும் ரோசரியும் கையில் ஓலையோடு நேரே கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார்கள். ரத்தினவேல் இயந்திரத்தைத் தயார் செய்யும்வரை ரோசரி ஒரு மூலையில் உட்கார்ந்து ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தார்.

முதல் தாள் வந்தது. பார்வையுள்ள மூன்று பேரும் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். என்ன ஒழுங்கு! வரிவரியாகப் புள்ளிகள். டோரதி பிரெய்ல் எழுத்து அட்டவணையை வைத்து முதல் வார்த்தையைச் சரிபார்த்தார், சரியாகவே இருந்தது. "பேஷ்" என்றார் சௌரிராஜன்.

ரோசரி தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி விரல் வைத்தார். இரண்டு வரி தடவினார். பிறகு சிரித்தார்.

"அக்கா, எல்லாம் திரும்பி நடக்குது."

ஆமாம். முன்பக்கம் குத்தினால் பின்பக்கம் எழும்பும்; பின்பக்கமிருந்து தொட்டால் இடது வலதாகிவிடும். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தே பழகிய கண்கள்.

"இனிமே புரோகிராமையே மாத்தணும்" என்று ரத்தினவேல் தலையில் கைவைத்தார். டோரதி கட்டளைகளின் விளக்கப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சின்னதாக ஒரு கட்டளை. மூன்றே எழுத்து: rev. ஒவ்வொரு வரியையும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துவரை பின்முன்னாகத் திருப்பித் தரும். வேறு ஒன்றும் செய்யாது.

இதை யார் எதற்காகச் செய்து வைத்தார்களோ எனக்குத் தெரியாது. ஒரு வரியைப் பின்முன்னாகத் திருப்ப வேண்டிய தேவை யாருக்கு வரும்? கடல் தாண்டி எங்கோ ஒருவர் எழுதிவைத்தது, திருச்சியில் ஒரு குருத்து ஞாயிறன்று ரோசரியின் விரலுக்காக எடுத்து வைத்ததுபோல இருந்தது. டோரதி இதைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று நான் கேட்கவில்லை.

மூன்று எழுத்தை அடித்து மறுபடி அச்சடித்தார்கள். ரோசரி தொட்டார்.

இந்த முறை சிரிக்கவில்லை.

"சில வரி சரியா இருக்குங்கக்கா. அணைன்னு ஒரு வார்த்தை படிச்சேன். ஆனா நிறைய வரியில மேல் புள்ளி ஒரு பக்கம் போகுது, கீழ்ப் புள்ளி ஒரு பக்கம் போகுது. எழுத்தே சேர மாட்டேங்குது."

கோப்பைப் பார்த்தார்கள். அட்டவணையைப் பார்த்தார்கள். எங்கேயும் தப்பில்லை. மாலையாகிவிட்டது. சௌரிராஜன் மணியைப் பார்த்தார். ரத்தினவேல் ட்யூபைக் கழற்றி ரிப்பனை மாட்டினார். அடுத்து இயந்திரம் கிடைப்பது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. பரீட்சை அதற்கு மறுவாரம்.

"பரவாயில்லைங்கக்கா" என்று ரோசரி எழுந்தார். பின்னி முடித்த ஓலைச் சிலுவையை டோரதியின் மேசையில் வைத்தார். "முசிறியில காத்து நல்லாத்தான் இருக்கும்."

அந்த 'பரவாயில்லை' தன்னைக் கொன்றுபோட்டது என்றார் டோரதி.

7

தப்பை டோரதி எப்படிக் கண்டுபிடித்தார்? இதை நான் மிக அழகாக எழுதியிருந்தேன்.

"பெரிய வெள்ளி. அன்று கோயிலில் மணி அடிக்கமாட்டார்கள். மரக்கட்டையைத் தட்டுவார்கள். அந்த மௌனத்தில், அடிக்காத மணியின் ஓசையை டோரதி கேட்டார். ஓசை இல்லாததும் ஓர் ஓசை என்று அவர் மனதில்

[டோரதி: இல்லை சார். குருத்து ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை, ஆபீஸ்ல. டீ வாங்கி வெச்சு ஆறிக்கிட்டிருந்துச்சு. கோயில்ல எனக்கு ஒண்ணும் தோணலை, முழங்கால்தான் வலிச்சுது.]

சரி. திங்கட்கிழமை. டீ ஆறிக்கொண்டிருந்தது. டோரதி வேறு வழி தெரியாமல், வரி எங்கே முடிகிறது என்று குறி போட்டுக் காட்டும் கட்டளையை அந்தப் புள்ளிக் கோப்பின்மேல் அடித்தார். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு டாலர் குறி விழுந்தது. ஓர் எழுத்து வரியின் மூன்று குறிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, எலி கடித்த ஓரம் மாதிரி.

துடை. பழக்க தோஷத்தில் டோரதி அந்தப் புள்ளிக் கோப்பின்மேலும் கடைசியாகத் துடையை ஓட்டியிருந்தார். துடை செய்யும் வேலைகளில் ஒன்று, வரியின் கடைசியில் தொங்கும் வெற்றிடங்களை வெட்டிவிடுவது. கண்ணுக்குத் தெரியாது, எதற்கும் உதவாது, யாருக்கும் தேவையில்லை. எந்த வேலைக்காரரும் முதலில் துடைப்பது அதைத்தான். ஆனால் இங்கே கடைசி எழுத்தின் மேல் வரியில் புள்ளி இருக்கும், கீழ் வரியில் இருக்காது. அந்தப் புள்ளியில்லாத இடத்தைத் துடை வெட்டிவிட்டது. மூன்று வரியும் மூன்று நீளம். நேராக இருக்கும்வரை தெரியவில்லை. பின்முன்னாகத் திருப்பியதும், கடைசி முதலாகிவிட, மூன்றும் ஒன்றுக்கொன்று நழுவிவிட்டன.

டோரதி அன்று மாலையே பாலக்கரைக்கு ஓடினார். ரோசரி வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் ரோசரி கெடுத்துட்டேன். எதையும் எடுக்க மாட்டேன்னு உன்கிட்ட சொல்லிட்டு எடுத்துட்டேன்."

"எதை எடுத்தீங்க?"

"ஒண்ணுமில்ல ரோசரி. நிஜமாவே ஒண்ணுமில்லாததைத்தான் எடுத்தேன். வெறும் இடம். வரிக்குக் கடைசியில சும்மா கிடந்தது."

ரோசரி முறத்தைக் கீழே வைத்தார். "ஆறு இடத்துல எது எழும்பியிருக்கு, எது எழும்பலைன்னு பார்த்துத்தானேக்கா நான் படிக்கிறேன். எழும்பாத இடமும் எழுத்துதான்."

டோரதி அழுதுவிட்டார். ரோசரி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப சரி பண்ணிடலாம்தானேக்கா?" என்று கேட்டார்.

அடுத்த நாள் டோரதி துடையின் நேர் எதிர்வேலையைச் செய்தார். எல்லா வரிகளையும் தாளின் விளிம்புவரை வெற்றிடத்தால் நிரப்பினார். ஒன்றுமில்லாததை, வேண்டிய அளவுக்கு, எடுத்த இடத்தில் திரும்ப வைத்தார். டாலர் குறிகள் நேர்கோட்டில் வந்து நின்றன.*

* இதை எழுதியபின்தான் டோரதியின் பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அடித்த வாக்கியங்களும் அப்படியே கிடக்கட்டும். எது எழுத்து, எது வெற்றிடம் என்று நான் துடைத்துக் கொடுத்தால், நானும் இருதயமேரிதான்.

8

சனிக்கிழமை. அதே நான்கு பேர். ட்யூப் மாட்டியாயிற்று. முதல் தாளைக் கிழித்து ரத்தினவேல் ரோசரியின் கையில் கொடுத்தார்.

ரோசரி தாளை மடியில் வைத்துத் திருப்பினார். விரல் இடது ஓரத்தில் இறங்கியது. நகர்ந்தது. முதல் வரி முடிந்து இரண்டாவது வரிக்கு வந்தது. நிற்கவில்லை.

இவர்கள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஏதாவது சொல்வார் என்று. படித்துக் காட்டுவார் என்று. ரோசரியின் உதடு அசையவே இல்லை. இதுவரை அவர் படித்ததெல்லாம் வீடு முழுக்கக் கேட்ட படிப்பு. இது யாருக்கும் கேட்கவில்லை.

"சரியா இருக்கா?" என்றார் டோரதி.

ரோசரி தலையை மட்டும் ஆட்டினார்.

"என்ன போட்டிருக்கு, சொல்லேன்."

"இருங்கக்கா. படிச்சிக்கிட்டிருக்கேன்."

சௌரிராஜன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டவில்லை. இயந்திரத்திலிருந்து அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று வந்து விழுந்துகொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பக்கத்தின் அடிக்கு வந்ததும் ரோசரியின் விரல் வேகம் குறைந்தது. ஓர் இடத்தில் நின்று திரும்பிப்போய் மறுபடி வந்தது. அவர் சிரித்தார். முதலில் வாய்க்குள், பிறகு அறை முழுக்கக் கேட்கும்படி.

"என்ன? என்ன ரோசரி?"

"அடிக்குறிப்புக்கா."

அடுத்த தாளுக்குக் கையை நீட்டினார்.

9

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: பரீட்சை முடிவு வருகிறது, ரோசரி முதல் வகுப்பு, எல்லோரும் ஆனந்தக் கண்ணீர். டோரதி இதன் குறுக்கே ஒரு கோடு போட்டார். "மார்க் அவளோடது சார், கதைக்கு எதுக்கு?" என்றார். ஆனால் நீங்கள் தவிக்க வேண்டாம். முதல் பகுதியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: அவர் பாலக்கரையில் இறங்கிப் போனார். முசிறிக்கு பஸ் ஏறவில்லை. அது போதும் என்று டோரதியும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு: இருதயமேரி முசிறியிலிருந்து வந்து, அக்கா தனியாகப் படிப்பதைப் பார்த்துக் கொஞ்சம் அழுகிறார். இது நடந்திருக்கலாம். யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது முடிவுதான் எனக்கு வேண்டும். அந்த அடிக்குறிப்பில் என்ன இருந்தது? அந்தப் புத்தகம் என்னிடம் இல்லை. ரோசரியிடம் கேட்கப் போனேன். அவர் அந்த மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அதைச் சொன்னா அப்புறம் அது உங்க குரல் ஆயிடும்ங்க" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

டோரதியிடம் கெஞ்சினேன். கோப்பு இன்னும் இயந்திரத்தில் இருக்கிறது. அடிக்குறிப்பு வரிகளை மட்டும் பொறுக்கிக் காட்டும் கட்டளை உண்டு, கிரெப் என்று. ஒரே வரி அடித்தால் அந்தப் பக்கத்து அடிக்குறிப்பு திரையில் வந்து நிற்கும்.

"தெரியும் சார்" என்றார் டோரதி. "இத்தனை நாள்ல ஒரு தடவைகூட நான் அதை அடிச்சுப் பார்க்கலை. நீங்களும் கேக்காதீங்க."

இந்தக் கதையை டோரதி புள்ளியாக்கி ரோசரிக்குக் கொடுக்கப்போகிறார். அதனால் கடைசி வரியில் நான் ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதினாலும் அது அவர் சிரித்த இடத்தின்மேல் விழும். கீழே ஓர் அடிக்குறிப்புக்கு இடம் விட்டிருக்கிறேன். அச்சகத்தாரிடமும் சொல்லியாயிற்று, துடைக்க வேண்டாம் என்று. உங்கள் பஸ் எங்கே நிற்கிறதோ அதுவரை படியுங்கள். பக்கத்தில் யாராவது என்னவென்று கேட்டால், இருங்க என்று சொல்லுங்கள்.

*